எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால் என் கடை.
ஆட்டோ முதுகுக்கு, மீன் ஐஸ் பெட்டிக்கு,
விசைப்படகின் நெற்றிக்கு
ஸ்டிக்கர் வெட்டித் தருவேன்.
எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
புள்ளி வைத்த மெய்க்கும் அதே விலைதான்,
பேரம் பேசுகிறவர்கள் முதலில் புள்ளியைத்தான் பிடிப்பார்கள்.

கோயில்பிள்ளை வந்தார்.
"தொட்டிக்கு மேலே பழைய பேரை எடுத்துட்டுப்
புதுப் பேர் ஒட்டணும்மா. ஃபாதர் சொல்லிட்டார்."
பாவசங்கீர்த்தனம் பத்து எழுத்து.
ஒப்புரவு ஐந்து.
அறுபது ரூபாய் என்றேன்.
பாதிக்குப் பாதி மிச்சம், அவருக்கு முகமெல்லாம் பல்.

துண்டுச்சீட்டில் அவர் ஒப்புறவு என்று எழுதியிருந்தார்,
வல்லின ற போட்டு.
திருத்திவிட்டேன்.
திருத்திய பிறகு
கொஞ்ச நேரம் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹேர் டிரையர் காட்டிப் பழையதை இளக்கினோம்.
பா வந்தது. வ வந்தது.
மிச்சத்தை வாசித்துவிட்டு இர்ஃபான் கேட்டான்:
"அக்கா, இந்தப் பெட்டிக்குள்ள பஜனை பாடுவாங்களா?"

பாடுவதுதான், தம்பி.
முட்டி போட்டு, கம்பி வலையில் வாயை வைத்து,
தெரிந்த பாவத்தைத் தெரிந்த ராகத்தில்.
நானும் பாடியிருக்கிறேன்.
பதினோரு வருஷத்துக்கு முன்னால்
தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில்,
"சாமி, அண்ணன் வீட்டு பீரோவிலிருந்து
ரெண்டு சவரன் எடுத்துட்டேன்."
கட்டிங் மெஷின் வாங்கத்தான் என்றும் சொன்னேன்.
இன்னாசி பேரை மட்டும் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
மூன்று அருள்நிறைந்த மரியே.
மூன்றாவது முடியும் முன்பே பசித்தது,
நேராக பீச் ஸ்டேஷன் எதிரே போய்
அத்தோ தின்றேன், முட்டை இரண்டு சேர்த்து.

இன்னாசி, அண்ணியின் தம்பி.
ஐ.சி.எஃப்.பில் அப்ரண்டிஸ்.
பீரோ சாவி இருக்கும் இடம் தெரிந்த நாலு பேரில்
சந்தேகப்படத் தோதானவன்.
ரெமிஜியூஸ் அண்ணன் அவன் பெட்டியைத் தெருவில் கவிழ்த்தபோது
நான் மாடிப்படியில் நின்றிருந்தேன்.
நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று
காற்றில் போய்ச் சாக்கடையில் உட்கார்ந்தது.

பழைய வார்த்தைக்கு
ஒரு வாயும் ஒரு காதும் போதும்.
புது வார்த்தையை மானிட்டரில் பெரிதாக்கினேன்,
கர்சர் 'ஒப்பு'வில் நின்று துடித்தது.
ஒப்புக்குச் சொல்வது ஒன்று.
ஒப்புக்கொள்வது வேறொன்று.
முதலாவதைச் செய்துவிட்டு
இரண்டாவதற்கு ரசீது வைத்திருந்தேன் இத்தனை நாள்.

கடவுளோடு என் கணக்கு அன்றைக்கே தீர்ந்திருக்கும்,
அவர் தாராளமானவர்.
ஆனால் அந்தத் தொட்டிக்குள்
இன்னாசி எங்கே நிற்பான்?
ஒரு ஜோடி முட்டிக்கு அளந்து தைத்த பலகை அது.

ஐந்து எழுத்தையும் ஒட்டி முடித்தோம்.
ஜன்னல் வெயில் திரும்பியதும்
அடியில் பழைய பசை 'கீர்த்தன' என்று தெரிந்தது.
இர்ஃபான் பெட்ரோல் துணியால் தேய்த்துப் பார்த்தான்.
போகவில்லை.
விடுடா, என்றேன்.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது,
அது என்றைக்குத் திறந்திருந்தது?
ஷேர் ஆட்டோக்காரர் ரயில்வேயைப் பரம்பரையோடு திட்டினார்.
சரக்கு ரயில்.
இரண்டு பெட்டிக்கு நடுவே ஒரு கீற்று,
கீற்றுக்குள் எதிர்ப்பக்கம் ஒரு பஞ்சர் கடை,
அடுத்த கீற்றில் ஒரு வழுக்கைத் தலை,
அதற்கடுத்ததில்
தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை அமுக்கிக்
குமிழி எங்கே கிளம்புகிறது என்று
குனிந்து பார்க்கும் இரண்டு கண்.

முப்பத்தெட்டு வரை எண்ணினேன்.
முதல் வாக்கியம் வரவில்லை.
"சாமி" என்றுதான் வாயில் வந்து நிற்கிறது.

கேட் ஏறியது. தண்டவாளம் தாண்டிப் போய்
அவன் முன்னால் நின்றேன்.
தலை நிமிராமல் கேட்டான்:
"டியூபா, டியூப்லெஸ்ஸா?"
என்னிடம் வண்டியே இல்லை.